பின்சீட்டில் வந்த மேற்பார்வையாளர்

பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டிய நாள் வந்துவிட்டது என்றதும் திருமாறன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர்மேல் யாரும் முறைப்பாடு கொடுக்கவும் இல்லை. விஷயம் அதைவிடச் சிக்கலானது. அவர்தான் அந்தப் பொலிசுக்கே மேற்பார்வையாளர். நவம்பரில் நடந்த தேர்தலில் மொன்றியல் நகரத்தின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதி மக்கள் குளிரில் வரிசையாக நின்று வாக்குப் போட்டு, "எங்கள் பகுதிப் பொலிஸ் ஒழுங்காக நடக்கிறதா என்று இனி நீர்தான் பார்க்க வேண்டும்" என்று அவரை அந்தக் கதிரையில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

கதிரையில் ஏறி ஆறு வாரம் ஆகிறது. இன்னும் அவர் ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசற்படியை மிதிக்கவில்லை.

"இஞ்ச, குளியலறைக்குள்ள இன்னும் என்ன செய்யிறீங்க? ஒபிஸ்ல இருந்து ஜெயனி போன் எடுத்து எடுத்துக் களைச்சிப் போயிட்டா!" என்று கதவுக்கு வெளியே நின்று சத்தம் போட்டாள் மனைவி யோகராணி.

"வயிறு சரியில்ல ராணி. இண்டைக்கும் ஒண்ணாது போல கிடக்கு. மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம்."

"மறுகாவோ? போன கிழமை காய்ச்சல் எண்டீங்க. அதுக்கு முதல் ஸ்நோ கொட்டுது எண்டீங்க. அதுக்கும் முதல், சட்டப் புத்தகம் முழுக்க வாசிச்சு முடிச்சிட்டுத்தான் போவன் எண்டீங்க. அந்தப் புத்தகத்துக்கு மேல இப்ப ஊறுகாய்ப் போத்தல் இரிக்கு!"

உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. மனைவி இப்படிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் திருமாறன் குழாயைத் திறந்துவிடுவார்.

இதைக் கேட்டுவிட்டு அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது நினைத்தால் அது பெரும் அநியாயம். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் வான் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். பெட்டி தூக்கியவர் சும்மா தூக்கவில்லை. "இந்தப் பெட்டி ஏன் இவ்வளவு பாரம், இதைத் தூக்க ஏன் ஒரே ஒரு ஆள்?" என்று கேட்டார். கேட்டுக் கேட்டே தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனார்.

பிறகு தன் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வருவதில்லை என்று நகரசபைக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டார். அடுத்த மாதமும் அதையே கேட்டார். அதற்கடுத்த மாதம் அவர் மைக்கைத் தொடும்போதே முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் அவருடைய கேள்வியை வாய்க்குள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் பஸ்ஸையும் கொடுத்து, பஸ் நிற்கும் இடத்தில் குளிருக்கு ஒதுங்கக் கண்ணாடிக் கூண்டும் கட்டிக் கொடுத்தார்கள், அவர் இனிமேல் வராமல் இருக்கவேண்டும் என்பதற்காக. அவரோ அடுத்த தேர்தலில் நின்று, வென்று, அங்கேயே குடியேறிவிட்டார். இரண்டு தவணை கவுன்சிலர். பனி அள்ளும் பகுதி அதிகாரிகள் அவருடைய நம்பர் திரையில் விழுந்தால் மூச்சை இழுத்துவிட்டுத்தான் எடுப்பார்களாம். மொன்றியலில் எங்கள் ஆள் ஒருவரைக் கண்டு அதிகாரிகள் மூச்சிழுப்பது என்பது சின்ன விஷயமா?

அந்தத் துணிச்சலில்தான், நகரசபை பொலிஸ் மேற்பார்வையாளர் என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கித் தேர்தல் வைத்தபோது, மேடையில் ஏறி மேசையில் அடித்தார். "ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்குள்ளேயும் நானே போவேன். ஒவ்வொரு அலுமாரியையும் நானே திறந்து பார்ப்பேன்!" மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

பொலிஸ்காரர் தன் இடத்துக்கு வந்தால் திருமாறனுக்குப் பயமே இல்லை. நகரசபைக்கு வந்த பெரிய பெரிய பொலிஸ் அதிகாரிகளை எல்லாம் கேள்வி கேட்டு வியர்க்க வைத்திருக்கிறார். ஆனால் அவர்களுடைய இடத்துக்குத் தான் போவது வேறு கதை. அவர் வான் ஓட்டிய காலத்தில் அவருடைய ஊரில் பொலிஸ் நிலையத்துக்குள் போவது சுலபம். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம், அவர்களிலும் சிலர் நடந்து வரவில்லை. அந்தப் பயம் மேடையில் பேசுகிற வாய்க்குத் தெரியாது. காலுக்கும் கைக்கும் நன்றாகத் தெரியும்.

இன்றைக்குத் தப்ப வழியில்லை. ஜெயனி எல்லா வழியையும் அடைத்துவிட்டாள். ஜெயனி அவருடைய அலுவலகச் செயலாளர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. வளர்ந்த பிள்ளைகள் மூவரை ஆட்டி வைத்த அனுபவத்தில் அவரையும் ஆட்டி வைப்பவள். குளியலறைக் கதவு திறந்ததும் யோகராணி போனை அவர் காதில் வைத்தாள்.

"அண்ணை, நல்லாக் கேளுங்கோ," என்றாள் ஜெயனி. "ஸ்ரேசன் கமாண்டருக்கும் நீங்கள் வாறதைச் சொல்லிப்போட்டன். பத்திரிகைக்காரி அஞ்சு மணிக்குப் பொலிஸ் ஸ்ரேசன் வாசலுக்கு வாறா. நீங்கள் வந்தால் வாற படம் போடுவா. வராட்டில் என்ன தலைப்புப் போடுவா எண்டு எனக்கு இப்பவே சொல்லிப்போட்டா. 'பொலிசைக் காணாத பொலிஸ் மேற்பார்வையாளர்.'"

"அப்பிடிப் போடுவாளா?"

"போடாமல்? எலெக்சனில தோத்த ஆக்கள் அதைக் கத்தரிச்சுச் சுவரில ஒட்டுவினம். பஸ்ஸுக்குத்தான் இந்த ஆள் சரி எண்டு முதலே சொன்னவையள் தானே. அதோட அண்ணை, சங்கத் தலைவர் சிவானந்தம் ஐயா கலண்டர் அடிக்கக் குடுத்திட்டார்."

"என்ன கலண்டர்?"

"உங்கட மட்டக்களப்புச் சங்கத்துப் புது வருசக் கலண்டர். உங்கட படம்தான். கீழ 'பொலிசுக்கும் மேலே எங்கள் பிள்ளை' எண்டு போட்டிருக்கு."

திருமாறன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தன் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும். ஆனால் பன்னிரண்டு மாதமும் ஊர்ச் சனத்தின் சமையலறையில் தொங்கி, பார்க்கும் ஒவ்வொருவரையும் தலைகுனிய வைப்பதை அவரால் தாங்க முடியாது. எழுந்து கோட்டைப் போட்டார்.

யோகராணி அலுமாரியைத் திறந்து அரிஷ்டப் போத்தலை எடுத்தாள். வயிற்றுக்கோளாறுக்கு ஊரிலிருந்து தருவித்த, கொஞ்சம் போதையும் ஏற்றும் மருந்து. "ரெண்டு மூடி குடிங்க. வயிறு அடங்கிப் போகும்."

இரண்டு மூடி வயிற்றுக்கு. அவள் திரும்பிய நேரத்தில் தைரியத்துக்கு என்று இன்னும் நான்கு மூடி ஊற்றிக்கொண்டார்.

"நான் கார் ஓட்டுறன். இருட்டிற்று. உங்களுக்கு இரவில கண் சரியில்லத்தானே?" என்றாள்.

இருட்டில் கார் ஓட்டாமல் இருப்பதற்கு அவர் முப்பது வருடமாகச் சொல்லிவரும் காரணம் அது. கண் வைத்தியர் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, பருந்துக்குக்கூட இப்படி இருக்காது என்றார்.

"வேணாம் ராணி. மனிசி கொண்டுபோய் வாசல்ல விட்டா, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போற மாதிரி இரிக்கும். நானே போறன்."

சட்டைப் பையில் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தை வைத்தார். அதற்குப் பின்னால் மருத்துவ அட்டை. அதற்குப் பின்னால் கடவுச்சீட்டு. பிரஜாவுரிமைப் பத்திரத்தின் பிரதியை நான்காக மடித்துச் செருகினார். பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது யார் என்று கேட்டால் காட்ட வேண்டாமா? அதற்கு மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேலே கோட், அதற்கு மேலே பனிக்கோட். பையில் இருப்பதை எடுக்க ஒரு கிழமை ஆகும்.

அவருடைய கார் தெருமுனையைத் தாண்டியதும் யோகராணி சிவானந்தத்துக்குப் போன் எடுத்தாள். "ஐயா, வெளிக்கிட்டுட்டார்கா! மாலையோட வாங்க!"

மார்கழியில் மொன்றியலில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். மெல்லிய பனி தூறிக்கொண்டிருந்தது. திருமாறன் ஹீற்றரைக் கூட்டிவிட்டு, சொல்லவேண்டிய வசனத்தைப் பிரெஞ்சு மாலை வணக்கத்தோடு உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "பொன்சுவா! நான்தான் உங்கள் மேற்பார்வையாளர்!" முதல் தடவை குரல் கீச்சிட்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னதில் கொஞ்சம் கம்பீரம் வந்தது. அரிஷ்டமும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. "அலுமாரியைத் திறவுங்கள்!" என்றுகூட ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பக்கத்துக் காரில் இருந்த பெண் தன் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அந்தக் கம்பீரத்தோடு கடைசித் திருப்பத்தில் திரும்பினார். தூரத்தில் பொலிஸ் நிலையத்தின் நீலப் பலகை வெளிச்சமாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் தெருவோரம் ஒரு பொலிஸ் கார் நின்றது.

அதன் பிறகு நடந்ததைத் திருமாறன் செய்யவில்லை. அவருடைய கைகள் செய்தன.

இடது கை முன்விளக்குகளை அணைத்தது. வலது கை காருக்குள்ளே இருக்கும் விளக்கைப் போட்டது. இடது கை மறுபடி போய் நான்கு கண்ணாடிகளையும் இறக்கியது. கால், காரை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் இருந்த ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் இரவில் வான் ஓட்டியவர்கள் அதைத்தான் செய்தார்கள். வெளியே வெளிச்சம் இருக்கக்கூடாது, உள்ளே வெளிச்சம் இருக்க வேண்டும், காவல் நிற்பவனுக்கு எல்லா முகமும் தெரிய வேண்டும். மறந்து முன்விளக்கோடு போனவன் அடுத்த முறை போவதில்லை.

மொன்றியல் பொலிஸ்காரர் பார்த்த காட்சி இது. பனி கொட்டும் இருட்டில், விளக்கில்லாத கார் ஒன்று ஊர்ந்து வருகிறது. எல்லாக் கண்ணாடியும் திறந்திருக்கிறது. உள்ளே மட்டும் கலியாண வீடு போல வெளிச்சம். நடுவில் பெரிய கோட் போட்ட ஒரு மனிதர் நேரே பார்த்தபடி அசையாமல் இருக்கிறார், அவருடைய தலையில் பனி விழுந்துகொண்டிருக்கிறது.

சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது.

திருமாறன் காரை ஓரம் கட்டினார். அடுத்ததாக என்ன செய்ய வேண்டும் என்றும் அவருடைய உடம்புக்குத் தெரிந்திருந்தது. கதவைத் திறந்து இறங்கி, கைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றார். ஊரில் இறங்காமல் இருந்தால்தான் குற்றம். இங்கே இறங்கினால் குற்றம்.

"காருக்குள் இருங்கள், மொசியே! காருக்குள்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பொலிஸ்காரரோடு இனிவரும் பேச்செல்லாம் பிரெஞ்சில் நடந்தது. மொசியே என்றால் ஐயா. திருமாறனுடைய பிரெஞ்சு நகரசபையில் சிங்கம் போலக் கர்ஜிக்கும். அன்றைக்கு அது பூனைக்குட்டி.

ஓடிப்போய்க் காருக்குள் ஏறினார். இளம் கான்ஸ்டபிள் ஒருவர் டோர்ச்சோடு வந்து ஜன்னலருகே குனிந்தார். அவர் வாய் திறக்கும் முன்னே, அடையாளம் காட்டிவிடலாம் என்று திருமாறன் பனிக்கோட்டுக்குள் கையை விட்டார்.

"கையை வெளியே எடுங்கள்!"

எடுத்தார்.

"ஓட்டுநர் பத்திரம் எங்கே?"

உள்ளே விட்டார்.

"மெதுவாக!"

மெதுவாக விட்டார். பனிக்கோட் திறந்தது. கோட் திறந்தது. கம்பளிச் சட்டையில் கை மாட்டிக்கொண்டது. ஒருவழியாகப் பிரஜாவுரிமைப் பிரதியும் கடவுச்சீட்டும் மருத்துவ அட்டையும் மடியில் விழ, கடைசியில் ஓட்டுநர் பத்திரம் வந்தது. கான்ஸ்டபிள் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"நீங்கள் நாட்டை விட்டுப் போகிறீர்களா?"

"இல்லை."

"எங்கே போகிறீர்கள்?"

"பொலிஸ் நிலையத்துக்கு."

"முறைப்பாடு கொடுக்கவா?"

"இல்லை."

"சரணடையவா?"

"இல்லை இல்லை. கமாண்டரைப் பார்க்க."

"முன்விளக்கை ஏன் அணைத்தீர்கள்?"

திருமாறன் யோசித்தார். ஒரே ஒரு வசனம் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். வழியெல்லாம் சொல்லிப் பழகிய வசனம்தான். ஆனால் அதைச் சொல்லக்கூடாது. ஊறுகாய்ப் போத்தலுக்கு அடியில் இருக்கும் அந்தப் புத்தகத்தின் முதலாவது விதியே, தன் சொந்த அலுவலுக்குப் பதவியைச் சொல்லக்கூடாது என்பதுதான். சத்தியப்பிரமாணம் எடுத்தபோது அதைத்தான் அவர் உரக்க வாசித்தார்.

"மரியாதைக்காக," என்றார் கடைசியில்.

கான்ஸ்டபிள் மூக்கை உறிஞ்சினார். அரிஷ்டம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

"மொசியே, குடித்திருக்கிறீர்களா?"

"வயிற்று மருந்து. எங்கள் ஊர் மருந்து."

கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்து, குழாயை நீட்டி ஊதச் சொன்னார் கான்ஸ்டபிள். ஊதினார். கருவி யோசித்துவிட்டு, ஏதோ கொஞ்சம் இருக்கிறது, ஆனால் குற்றமாகும் அளவுக்கு இல்லை என்றது. கான்ஸ்டபிள் திருமாறனுடைய நடுங்கும் கைகளைப் பார்த்தார். நல்ல பிள்ளை. அவருடைய குரல் இறங்கியது.

"இந்தக் கையோடு நீங்கள் ஓட்ட வேண்டாம். கார் இங்கேயே நிற்கட்டும். எப்படியும் அங்கேதானே போகிறீர்கள்? நானே கொண்டுபோய் விடுகிறேன். விளக்கு விஷயத்துக்கு அபராத டிக்கெட்டை அங்கே வைத்து எழுதலாம்."

இப்படித்தான் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லின் பொலிஸ் மேற்பார்வையாளர், தன் முதலாவது உத்தியோகபூர்வ வருகைக்கு, பொலிஸ் காரின் பின்சீட்டில் ஏற்றப்பட்டார். சீட் கட்டை போல இருந்தது. முன்னால் தடுப்பு. கதவில் உள்பக்கம் பிடியே இல்லை.

"என்ன வேலை செய்கிறீர்கள், மொசியே?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார் கான்ஸ்டபிள்.

"கேள்வி கேட்கிற வேலை."

"ஆசிரியரா?"

"கிட்டத்தட்ட."

பொலிஸ் நிலையம் வந்தது. வாசலைப் பார்த்த திருமாறன் சீட்டிலிருந்து கீழே சரிந்தார். ஜெயனி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கழுத்தில் கமராவோடு பத்திரிகைக்காரி. படியில் யோகராணி, நல்ல சேலைக்கு மேலே பனிக்கோட்டோடு. அவளைச் சுற்றி மட்டக்களப்புச் சங்கத்து ஆட்கள் ஒரு டசின் பேர். எல்லோருக்கும் முன்னால், ரோஜா மாலையும் இரண்டு பொன்னாடையுமாகச் சங்கத் தலைவர் சிவானந்தம்.

"பின்வாசலால் விடமுடியுமா?" என்று கெஞ்சினார் திருமாறன்.

"பொதுமக்கள் முன்வாசலால்தான் வரவேண்டும், மொசியே. அது அவர்களுடைய உரிமை," என்றார் கான்ஸ்டபிள். அந்த விதியையும் திருமாறன்தான் தேர்தலில் பேசிப் பேசிக் கொண்டுவந்தார்.

கான்ஸ்டபிள் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பிடி இல்லாத கதவை வேறு எப்படித் திறப்பது? ஆனால் படியில் நின்றவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினார் சிவானந்தம். "பொலிஸ் காரில கூட்டியாறாங்க! கதவும் திறந்து விடுறாங்க! எங்கட காலத்தில எங்கள இழுத்துக்கொண்டு போன வாகனம்! இண்டைக்கு எங்கட பிள்ளைக்குக் கதவு திறக்குது!"

கைதட்டல் அந்தத் தெருவையே நிறைத்தது. யாரோ ஒருவர் விசிலும் அடித்தார். திருமாறன் நிமிர்வதற்குள் மாலை கழுத்தில் விழுந்தது, பொன்னாடை தோளில் விழுந்தது. மற்றப் பொன்னாடை கமாண்டருக்கென்று கொண்டுவந்தது. கமாண்டரைக் காணாததால், சீருடையோடு நின்ற கான்ஸ்டபிளுக்கே அதைப் போர்த்திவிட்டார் சிவானந்தம். கண்கலங்கி அவரைக் கட்டியும் பிடித்துக்கொண்டார்.

கான்ஸ்டபிள் சரிகைப் பொன்னாடைக்குள் நின்று திருமாறனைப் பார்த்தார். பிறகு ஜெயனி கையில் இருந்த வரவேற்புப் பலகையைப் பார்த்தார். அதில் திருமாறனுடைய படம் இருந்தது. கான்ஸ்டபிளின் முகம் வெளிறியது.

"மொசியே... நீங்களா அது?"

"நான்தான்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லக்கூடாது. முதலாவது விதி."

பத்திரிகைக்காரி கமராவை இறக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவளுக்கும் கேள்வி கேட்கிற வேலைதான். "மொசியே திருமாறன், பொலிசைக் கண்காணிக்க வேண்டியவர் பொலிஸ் காரையே டாக்சியாகப் பயன்படுத்துகிறாரா? இந்தச் சலுகையை யார் கொடுத்தது?"

கைதட்டல் மெல்ல அடங்கியது. சனம் பெருமையாக நினைத்ததைத்தான் அவள் குற்றமாகக் கேட்கிறாள் என்பது ஒவ்வொருவருக்காக விளங்கத் தொடங்கியது. யோகராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயனி அவருடைய காதோடு காதாகச் சொன்னாள். "அண்ணை, கார் இடையில பழுதாப் போச்சு எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் சமாளிக்கிறன்."

கான்ஸ்டபிளும் மறுபக்கத்தால் முணுமுணுத்தார். "டிக்கெட் இன்னும் எழுதவில்லை, மொசியே. நான்... எழுதாமலே விட்டுவிடலாம்."

இரண்டு பக்கத்திலும் கதவு திறந்திருந்தது. பழுதான கார் என்றால் கலண்டர் தப்பும். எழுதாத டிக்கெட் என்றால் பதவி தப்பும். யாருக்கும் ஒன்றும் தெரியவராது.

திருமாறன் கழுத்து மாலையைச் சரிசெய்தார். நகரசபையில் மைக்கைப் பிடிக்கும்முன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினார்.

"எழுதுங்கள்," என்றார் கான்ஸ்டபிளிடம். "எல்லோருக்கும் முன்னால் எழுதுங்கள். மேற்பார்வையாளருக்கு ஒரு டிக்கெட்டை விட்டுவிட்டீர்கள் என்று நாளைக்கு நானே உங்களைக் கேள்வி கேட்க வேண்டி வரும்."

பிறகு பத்திரிகைக்காரியின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னார். தன் சனம் முழுதாகக் கேட்கவேண்டும் என்று திரும்பவும் தமிழில் சொன்னார்.

"என்னை ஆரும் மரியாதைக்குக் கூட்டி வரல்ல. விளக்கில்லாமக் கார் ஓடினதுக்கு என்னைப் பிடிச்சுக்கொண்டு வந்திருக்காங்க. பொலிஸ் காரைக் கண்டதும் என்ட கை தன்ட பாட்டில முன்லைட்டை நிப்பாட்டி, உள்லைட்டைப் போட்டுட்டு. ஏன் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆறு கிழமையா இஞ்ச வராததும் அதாலதான். காய்ச்சலும் இல்ல, ஸ்நோவும் இல்ல. எனக்குப் பயம். முப்பது வருசமாப் பயம்."

கலண்டர் போய்விட்டது என்று திருமாறன் நினைத்தார்.

சிவானந்தம் மெல்லக் கிட்ட வந்தார். "தம்பி, நான் ஏன் அந்த மாலையை அவ்வளவு இறுக்கிப் பிடிச்சிருந்தன் எண்டு நினைக்கிறாய்? கை நடுங்கினது தெரியப்படாது எண்டுதான்." அவர் பனிக்கோட்டைத் திறந்து சட்டைப் பையைக் காட்டினார். கடவுச்சீட்டு எட்டிப் பார்த்தது. பின்னால் நின்ற ஒருவர் தன் பையையும் தொட்டுக் காட்டினார். அப்புறம் இன்னொருவர். அந்த ஒரு டசின் பேரும் கனடிய அரசாங்கம் தங்களுக்குக் கொடுத்த எல்லாப் பத்திரங்களோடும்தான் மாலை போட வந்திருந்தார்கள்.

பத்திரிகைக்காரி குறிப்புப் புத்தகத்தில் புதுப் பக்கம் புரட்டினாள். "இவ்வளவு பயந்தவர் ஏன் இந்தப் பதவிக்குப் போட்டியிட்டீர்கள்?"

"பயப்படாத ஆள் வந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்," என்றார் திருமாறன். "இந்த வாசலைக் கண்டு காலே வராமல் நிற்கிறவன் ஒருவன் இந்தப் பகுதியில் இருப்பான். அவனுக்காக இங்கே வந்து பார்க்க, அந்தப் பயம் தெரிந்த ஆள்தான் வேண்டும்."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, தலைப்பை மாற்றவேண்டி இருக்கும் என்று ஜெயனியிடம் சொன்னாள். கான்ஸ்டபிள் பொன்னாடையைக் கழற்றாமலே டிக்கெட்டை எழுதி நீட்டினார். திருமாறன் இரண்டு கையாலும் அதை வாங்கினார். மறுபடியும் கைதட்டல் எழுந்தது. முதல் தடவையைவிட இது பெரிதாக இருந்தது. ஒரு மனிதர் போக்குவரத்து டிக்கெட் வாங்கியதற்காக ஊரே நெஞ்சை நிமிர்த்திக் கைதட்டியது மொன்றியலில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். யோகராணி அழுதுகொண்டே தட்டினாள். "என்ட மனிசன்கா," என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், அவளுக்குத் தெரியாததுபோல.

"நான் தனியப் போறன்," என்றார் திருமாறன்.

படியேறினார். டிக்கெட்டை மடித்துப் பனிக்கோட்டுப் பையில் வைத்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, மாலையும் பொன்னாடையுமாக உள்ளே காலெடுத்து வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. தரை பளபளவென்று கழுவியிருந்தது. சுவரோரமாக இருந்த அலுமாரிகள் எல்லாம் ஏற்கெனவே அகலத் திறந்து கிடந்தன. வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள். சட்டையில் மாளவிகா என்று பெயர் குத்தியிருந்தது.

திருமாறன் மூச்சை நன்றாக இழுத்து, வழியெல்லாம் பழகிய வசனத்தைக் கணீரென்று சொன்னார். "பொன்சுவா! நான்தான் உங்கள் மேற்பார்வையாளர். கமாண்டரைப் பார்க்க வேண்டும்."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து, சுத்தமான சென்னைத் தமிழில் கிசுகிசுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், நீங்க வரலன்னு போன் வந்த ஒவ்வொரு தடவையும் எங்க எல்லாருக்கும் கேக் வாங்கிக் குடுத்த மனுஷன் எங்க கமாண்டர், இன்னிக்கு எங்க கான்ஸ்டபிளையே சாட்சியா கூட்டிக்கிட்டு நீங்க வந்து இறங்கினதைப் பாத்தாரு, அவ்ளோதான், பின்வாசல் வழியா ஓடிட்டாரு!"